வெள்ளையடித்த கதை

சென்ற தை பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்பு நம்மைக் கடைத்தெருவில் கண்ட பழைய நண்பர் ஒருவர், "இதென்ன! திடீரென்று இவ்வளவு நரைத்துவிட்டதே!" என்று அங்கலாய்த்தார். "நரையல்ல ஐயா, சுண்ணாம்பு!" என்று சொல்லித் தலையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினோம். வெண்புழுதி பறந்தது. புழுதி பறந்த பிறகும் அடியில் வெண்மையே இருந்ததைப் பார்த்த நண்பர், மரியாதையை உத்தேசித்து, மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் போய்விட்டார்.

61 வயதில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஈஸிசேரில் சாய்ந்திருக்க வேண்டிய மனிதனுக்கு, சொந்த வீட்டின் உள்ளறைகளுக்குத் தன் கையாலேயே வெள்ளையடிக்கும் எண்ணம் ஏன் உண்டாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். சிக்கனம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். கிறுக்கு என்று நம் இல்லத்தரசி சொன்னாள். இரண்டிலும் சிறிது உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மெய்யான காரணம் நம் தாயாரின் இருமல்.

நம் வீடு காரைக்காலில் இருக்கிறது. பாட்டனார் கட்டிய வீடு. முற்றம், கூடம், தாழ்வாரம், இரண்டு காமரா அறைகள், பின்கட்டு என்று பழைய முறையில் அமைந்தது. 1739-ம் ஆண்டு முதல் 1954 நவம்பர் 1-ந் தேதி வரை இவ்வூர் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்தது. அக்காலத்து வீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. அந்தச் சாந்துக்குக் காரை என்று பெயர். ஊரின் பெயருக்கே, காரையால் கட்டிய கால்வாய் என்று பொருள் சொல்வாரும் உண்டு; காரைச் செடியிலிருந்து வந்த பெயர் என்பாரும் உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. காரையால் கட்டிய சுவர் ஒன்றரை அடி கனத்தில் நம் வீட்டில் நிற்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அந்தச் சுவருக்கு நாம் செய்த தீங்கை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டோம். கையில் ஒட்டும் சுண்ணாம்பு இனி வேண்டாம், துடைத்தால் பளபளக்கும் எமல்ஷன் வர்ணமே அடிப்பது என்று முடிவாயிற்று. வேலைக்கு வந்த பெரியவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஐயா, சுவர் மழை குடித்திருக்கிறது. பங்குனி வரையில் பொறுத்துக்கொண்டால் நல்லது" என்றார். "பொங்கல் பங்குனியிலா வருகிறது?" என்று நாம் கேட்டோம். இதைச் சாமர்த்தியமான பதில் என்று அப்போது நினைத்தோம். பெரியவர் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பொங்கலன்று வீடு கல்யாண வீடு போல் இருந்தது. இரண்டாவது மழைக்காலம் கழிந்ததும் தாயாரின் அறையில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு, வர்ணம் அப்பளம் போல் உப்பியது. விரலால் தொட்டால் உடைந்தது. உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கொட்டியது. மூலையில் கரும்பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்தது. 84 வயதான தாயார் இரவில் இருமி எழுந்து உட்காரத் தொடங்கினார். மருந்து கொடுத்த வைத்தியர், "அறையில் ஈரம் இருக்கிறதா?" என்று கேட்டபோது நாம் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தோம்.

இப்படி நேர்ந்ததன் காரணம் மிகவும் எளிது. நம் டெல்டாக் கடற்கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிறது. அரசலாறு முதலிய ஆறுகள் கடலில் சேரும் தாழ்ந்த பூமி. நிலத்தடியில் நீருக்கும் உப்புக்கும் குறைவில்லை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் பழைய செங்கற்சுவர் அந்த உப்பு நீரை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. சுண்ணாம்பு பூசிய சுவரானால் நீர் காற்றிலே கலந்து போய்விடும். எமல்ஷன் என்பதோ நீரில் கலந்து வைத்த பிளாஸ்டிக் பசை. காய்ந்ததும் சுவரின்மேல் ஒரு தோலாகப் படிகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தோலுக்கடியில் தேங்குகிறது. உப்பு அங்கே படிகமாகி விரிந்து தோலை உந்தித் தள்ளுகிறது.

இதிலிருந்து நமக்குத் தெளிவான செய்தி ஒன்று உண்டு. போகிக்கு முன் வெள்ளையடிப்பது என்று பெரியோர் வைத்த நாளில் பிழையில்லை. சுண்ணாம்பு ஈரச் சுவரை விரும்புவது. உலர்ந்த சுவரில் அடித்தால் அது சீக்கிரம் காய்ந்து மாவாக உதிரும். ஈரச் சுவரில், மார்கழிக் குளிரில், மெல்ல மெல்ல இறுகும். நாம் நாளை மட்டும் வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டோம். எமல்ஷன் அடிப்பதானால் பங்குனி, சித்திரை வரை காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. படித்தவர்களாகிய நமக்குத் தெரியவில்லை.

சுவரில் நீர் ஏறுவதை விளையாட்டாக நினைப்பவர்கள் புதுவையை நினைத்துக்கொள்ளலாம். அங்கே 19-ம் நூற்றாண்டில் கட்டிய மேரி என்னும் நகர மன்றக் கட்டிடம், கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 நவம்பர் 29-ந் தேதி பெருமழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே உருவத்தில் மறுபடி கட்டி எழுப்பினார்கள். நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களின் வீடு விழுந்தால் அதே உருவத்தில் எழும்புமா என்பது சந்தேகம்.

ஆகவே சென்ற ஆண்டுக்கு முந்திய பங்குனியில் தாயாரைக் கூடத்துக்குக் குடியேற்றிவிட்டு அவருடைய அறையில் வேலையை ஆரம்பித்தோம். முதலில் சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தோம். கூரை நீர் இறங்கும் குழாய் உடைந்து சுவரிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. தோட்டத்து மண் உள் தரையைவிட ஒரு சாண் உயரத்துக்குச் சுவரின்மேல் குவிந்திருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஈரத்துக்குப் பயந்து அடிச்சுவரில் சிமெண்டு பூசியிருந்தார்கள். அதனால் ஈரம் நிற்காமல் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. குழாயை மாற்றி, மண்ணை வெட்டி, கொத்தனாரைக் கொண்டு சிமெண்டைப் பெயர்த்து அவ்விடத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசச் செய்தோம். இவற்றைச் செய்யாமல் உள்ளே எதை அடித்தாலும் பணம் தண்ணீரில்தான் போகும்.

அடுத்தது பழைய வர்ணத்தைச் சுரண்டும் வேலை. இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். பழைய வர்ணங்களில், முக்கியமாகக் கதவு ஜன்னல்களுக்கு அடித்த எனாமல்களில், ஈயம் கலந்திருக்கக் கூடும். ஈயத் தூசு உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இது உலகம் நெடுநாளாக அறிந்த விஷயம். கட்டிடங்களின் உட்புறத்துக்கு ஈய வெள்ளை அடிப்பதை, சில விலக்குகள் நீங்கலாக, தடுக்க வேண்டும் என்று 1921-ம் ஆண்டிலேயே ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் மகாநாடு உடன்படிக்கை செய்தது. நம் தேசத்தில், வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்ற விதி 2016-ல் பிறந்து 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வர்ணத்தை நம்பக் கூடாது. உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்ட வேண்டும். மூக்கையும் வாயையும் நன்றாக மூடிக்கொள்ள வேண்டும். உதிர்ந்ததை ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், எரிக்கக் கூடாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரலாகாது. நம் பேரனுக்கு ஐந்து வயது. அந்த நாட்களில் அவனை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வேலை நடக்கும் இடத்தில் தான் இல்லாமற் போனால் வேலை எப்படி நடக்கும் என்று அவனுக்கு மிகுந்த கவலை!

சுரண்டச் சுரண்ட அந்தச் சுவர் தன் சரித்திரத்தைச் சொல்லிற்று. மேலே சந்தன நிற எமல்ஷன். அதன் கீழ் இளம்பச்சை டிஸ்டம்பர். அதன் கீழ் ஏடு ஏடாகச் சுண்ணாம்பு. கதவு நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஏடு பெயர்ந்து விழுந்தபோது, அதனடியில் பென்சிலால் இழுத்த ஒரு குறுக்குக் கோடும் 1967 என்ற இலக்கமும் தெரிந்தன. ஏழின் இடையில் ஒரு சிறு கோடு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஏழை அப்படித்தான் எழுதுவார்கள். காலஞ்சென்ற தந்தையாரின் கை அது. கோடு, ஆறு வயதில் அண்ணா நின்ற உயரம்.

சுரண்டியைக் கீழே வைத்துவிட்டோம். இந்தச் சுவரை எப்படி மூடுவது? அந்த இடத்துக்குக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றலாமா என்று யோசித்தோம். பாரிஸிலிருக்கும் அண்ணாவுக்குப் படம் பிடித்து அனுப்பினோம். அவர் பதிலுக்கு ஒன்றும் எழுதாமல் டெலிபோனில் கூப்பிட்டு, வெகுநேரம் வேறு விஷயங்களையே பேசிக்கொண்டிருந்தார்.

தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து காட்டினோம். அவர் விரலால் கோட்டைத் தடவினார். "கண்ணாடியா? எதற்கு?" என்றார். "உன் அப்பா வருஷா வருஷம் போகிக்கு இதன்மேல் தாமே வெள்ளையடித்துவிடுவார். மறுநாள் பொங்கலன்று உங்கள் இரண்டு பேரையும் குளிப்பாட்டி நிறுத்தி, புதிதாகக் கோடு போடுவார். பழைய கோடு போய்விட்டதே என்று நீ அழுவாய். 'நீதான் வளர்ந்துவிட்டாயே' என்பார்." சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எண்ணெய் வர்ணம் வந்த பிறகு சுவர் அழுக்காகும் என்று கோடு போடுவதை விட்டுவிட்டீர்கள்" என்று சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நமக்குச் சுருக்கென்றது.

சுரண்டிய சுவரை உடனே பூசவில்லை. பங்குனி முதல் ஐப்பசி வரையில் ஜன்னல்களைத் திறந்து வைத்து உலர விட்டோம். உப்புப் பூக்கும்போதெல்லாம் உலர்ந்த பிரஷினால் கூட்டி வாரி வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். எட்டு மாதத்தில் நாம் வாரிய உப்பைக் கண்டு, வேதாரண்யம் இங்கேயே வந்துவிட்டதென்று இல்லத்தரசி பரிகாசம் செய்தாள்.

மார்கழி பிறந்ததும் சுண்ணாம்பு வாங்கினோம். காரைக்கால் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு என்று ஒரு மீனவர் கிராமமே இருக்கிறது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பாகிறது. தண்ணீரில் போட்டால் கொதித்து நீறுகிறது. சுவரில் பூசியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை மறுபடி கிரகித்துக்கொண்டு, பழையபடி கிளிஞ்சலின் ஜாதியாகவே இறுகிவிடுகிறது. சுவருக்கு நாம் பூசுவது வர்ணமல்ல. ஒரு மெல்லிய ஓடு என்றே சொல்ல வேண்டும். அதன் காரம் பூஞ்சணத்துக்கு எமன்.

கணக்கு இது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. சுவர் உயரம் பத்தடி. நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்தால் சுமார் 400. மூன்று பூச்சுக்கு நமக்குப் பத்துக் கிலோ சுண்ணாம்பு ஆயிற்று. ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்ற விகிதம். ஒரு நாள் முழுதும் ஊற வைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கொண்டு வந்தோம். ஒட்டுவதற்காகக் கஞ்சியும் உப்பும் சேர்ப்பது பல வீடுகளில் வழக்கம். கஞ்சி பூஞ்சணத்துக்குத் தீனி. உப்போ நம் சுவரில் ஏற்கனவே வேண்டிய மட்டும் உண்டு. ஆதலால் இரண்டையும் விட்டுவிட்டோம். சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே அபாயம். கண்ணாடி அணிவது அவசியம். தெறித்துவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பழுப்புத் தெரியாமலிருக்கச் சிறிது நீலம் கலந்தோம். இந்த நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. முற்காலத்தில் ஆப்கானிஸ்தானத்து ரத்தினக் கல்லை அரைத்துத்தான் இதைப் பெற்றார்கள், பொன் விலை. கிமே என்ற பிரெஞ்சுக்காரர் இதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டு 1828-ல் பரிசு பெற்றார். அவருடைய மகன் அந்த நீலத் தொழிற்சாலையின் செல்வத்தைக் கொண்டு கீழ்நாட்டுக் கலைப்பொருள்களைத் திரட்டி ஒரு காட்சிச்சாலை அமைத்தார். 1889 முதல் அது பாரிஸில் இருக்கிறது. காரம் மிகுந்த சுண்ணாம்பில் பல வர்ணங்கள் வெளுத்துப் போகும். நீலம் நிலைத்து நிற்கும்.

வேலை தொடங்கும் நாளில் பழைய பெரியவரைத் தேடிச் சென்று, ஒரு நாள் கூலிக்கு நமக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். வந்தார். தேங்காய் நார் மட்டையை எப்படிப் பிடிப்பது, மேலும் கீழும் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை எப்படி இழுப்பது என்று காட்டினார். அடிக்குமுன் சுவரை நனைக்கச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முந்திய பேச்சை அவர் எடுக்கவே இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போது சரியாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். உயரமான கூடத்துச் சுவரை அவரிடமே ஒப்படைத்தோம். ஏணியின் உச்சியில் நின்று வீரம் காட்டும் வயது நமக்குக் கடந்துவிட்டது.

முதற் பூச்சு அடித்து முடித்தபோது மனம் உடைந்துவிட்டது. சுவரில் வெறும் அழுக்குத் தண்ணீர்தான் வழிந்தது போல் இருந்தது; கறைகள் எல்லாம் அப்படியே தெரிந்தன. இல்லத்தரசி எட்டிப் பார்த்து, "இதற்காகவா இத்தனை மாதம்?" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல் படுத்துக்கொண்டோம். காலையில் கதவைத் திறந்தால் அறை முழுதும் வெளுத்திருந்தது. ஈரமாக இருக்கும்போது ஊடுருவித் தெரிவதும், காய்ந்தபின் வெண்மையாவதும் சுண்ணாம்பின் சுபாவம். இதை அறியாதவர்கள் முதல் நாளே கெட்டியாகக் கரைத்துப் பூசுவார்கள். அது வெடித்து உதிரும். நாளுக்கு ஒன்றாக மூன்று மெல்லிய பூச்சே முறை.

இந்தக் கட்டுரையை உடனே எழுதாமல் ஒரு மழைக்காலம் கழியட்டும் என்று காத்திருந்தோம். அந்தக் கார்த்திகையும் கடந்தது. அடிச்சுவரில் ஒரு முழ நீளத்துக்கு உப்புப் பூத்தது. கூட்டிவிட்டு அரை வாளிச் சுண்ணாம்பில் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தோம். சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டுகிறது, அது குறைதான். மாடியில் பின்னாளில் சிமெண்டால் கட்டிய அறையில், கோடையில் அடித்த எமல்ஷன் நன்றாகவே இருக்கிறது. அதை மாற்றும் உத்தேசம் இல்லை. தாயாரின் இருமல் முற்றிலும் நீங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். இரவில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது. அறையில் அந்தப் புழுங்கல் நாற்றம் இல்லை.

1967-ம் ஆண்டுக் கோட்டின்மேல் நாமேதான் மட்டையை இழுத்தோம். கை சிறிது தயங்கியது உண்மை. பொங்கலன்று காலையில் தாயார் பேரனைக் குளிப்பாட்டச் சொல்லி, கதவு நிலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பையன் குதிகாலைத் தூக்கினான். "தரையில் வைடா" என்று அதட்டினார். நடுங்கும் கையால் கோடு போட்டுவிட்டுப் பென்சிலை நம்மிடம் கொடுத்தார். வருஷத்தை எழுதினோம். இந்த வருஷமும் போகிக்கு அதன்மேல் வெள்ளையடித்தாக வேண்டும். பழைய கோடு போய்விடுமே என்று அவன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.